திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

பாண்டுப்பில் தமிழ்ப் படத்துக்குப் போனால் ஒரே வசனத்துக்கு இரண்டு தடவை சிரிப்பு கேட்கும். முதலில் சிரிப்பவர்கள் பிள்ளைகள். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரியை, நடிகர் வாயைத் திறக்கும் முன்பே படித்து முடித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது வசனம் வரும். காதால் கேட்டுச் சிரிக்கிற எங்கள் வயதுக்காரர்களின் சிரிப்பு அதற்கப்புறம். இரண்டுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

“அவன் இன்னும் சொல்லவே இல்லியே, அதுக்குள்ள என்னத்துக்குட்டி சிரிக்காவ?”

“கீழ எழுதியிருக்கு ஆச்சி” என்பாள் என் மகள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். எனக்கு இரண்டும் வரும் என்பதால் எந்தச் சிரிப்போடு சேர்வது என்று தெரியாமல் சில சமயம் இரண்டையும் தவறவிட்டுவிடுவேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் இந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வயசிலிருந்து விடாத பழக்கம். எல்.பி.எஸ். ரோட்டு மாலில் ஒரு காட்சி போட்டால் நடந்தே போய்விடுவோம். இல்லையென்றால் முலுண்ட், அதுவும் இல்லையென்றால் காட்கோபர். பெரிய நடிகர் படமென்றால் நாளுக்கு நாலு காட்சி. மற்றதெல்லாம் காலை ஒன்பது மணிக்கோ இரவு பத்தே முக்காலுக்கோ ஒன்றே ஒன்று இருக்கும். அதையும் புதன்கிழமைக்குள் எடுத்துவிடுவார்கள். அதனால் விமர்சனம் படித்து, யோசித்து, அப்புறம் போவது என்பதெல்லாம் எங்களுக்கு முடியாது. வந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

நான் பார்த்த முதல் தமிழ்ப் படம் தியேட்டரில் இல்லை. விநாயகர் சதுர்த்திப் பத்து நாளில் ஏதாவது ஒரு ராத்திரி, தெருவை மறித்து இரண்டு மூங்கில் நட்டு நடுவில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஒரு பக்கம் பதினாறு எம்.எம். புரொஜெக்டர். அந்தப் பக்கம் ஆண்கள் வேலை முடிந்து வந்ததும் இடம் பிடித்துவிடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் சமையலை முடித்துக்கொண்டு வருவதற்குள் அங்கே இடம் இருக்காது. துணிக்குப் பின்பக்கம் போய்ச் சாக்கு விரித்து உட்காருவோம். பின்பக்கத்திலிருந்தும் படம் நன்றாகத்தான் தெரியும். இடமும் வலமும் மாறியிருக்கும், அவ்வளவுதான். நான் ‘திருவிளையாடல்’ பார்த்தது அப்படித்தான். அன்றைக்குச் சிவாஜி எங்களுக்கு இடது கைக்காரர், வீணையைக்கூட அப்படித்தான் வாசித்தார். பெயர்கள் ஓடும்போது எழுத்துகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அப்போதுதான் உயிர்மெய் எழுத்து தொடங்கியிருந்தார்கள். இடவலம் மாறியிருந்தாலும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்ததும், அம்மா பக்கத்து ரூம் அக்காவிடம் அதைப் பெருமையாகச் சொன்னதும் இன்னும் நினைவில் இருக்கின்றன. பிற்பாடு தொலைக்காட்சியில் அதே படத்தை நேராகப் பார்த்தபோது ஏதோ பிசகியிருப்பது போலப் பட்டது.

அரோராவுக்கு முதன்முதலில் போனபோது எனக்குப் பதினைந்து வயது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அந்தத் தியேட்டரைத் தெரியாத பம்பாய்த் தமிழர் இருக்க மாட்டார்கள். பாண்டுப்பிலிருந்து ஸ்லோ லோக்கல் ஏறினால் காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான், அடுத்தது மாட்டுங்கா. இறங்கியதும் பூக்கடை, இட்லிக்கடை, தமிழ்ப் பத்திரிகை தொங்கும் கடை என்று வரிசையாக வரும். அந்தத் தெருக்களில் நடக்கும்போது அப்பாவின் குரல் தானாகவே உயரும். ரயிலில் தாழ்த்திப் பேசிக்கொண்டு வந்த மனிதர் அங்கே உரக்கப் பேசுவார். அதற்கான காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று பார்த்தது ‘நாயகன்’. 1987 தீபாவளிக்கு வந்த படம். தூத்துக்குடியிலிருந்து ஓடி வந்த பையன் தாராவியில் பெரிய ஆளாகிற கதை. பம்பாயில் தாதாவாக இருந்த வரதராஜ முதலியாரை மனதில் வைத்து எடுத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 1988 ஜனவரியில் அவர் சென்னையில் இறந்தும் போனார். படத்தில் வரும் தாராவியைச் சென்னையில் செட் போட்டு எழுப்பியவர் தோட்டா தரணி. அவருக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும் கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது. மூன்றுமே நியாயமான விருதுகள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அப்பாவுக்கு அந்தப் படத்தால் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. அவர் இங்கே டயர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அடுத்த வருடமே அதே கதை ‘தயாவான்’ என்று இந்தியில் வந்தது. கூட வேலை பார்த்த மராட்டிக்காரர்கள் அப்பாவை ‘தயாவான்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் இருபது வருடம் ரப்பர் வாடையில் நின்ற மனிதருக்கு, மதராஸி என்றால் தாதா என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்களே என்ற வருத்தம் போகவில்லை. “நம்ம கதைய எவனும் எடுக்கல. எடுத்தா பாக்கதுக்கு ஆளு வராதுன்னு நெனைக்கானுவ” என்றார். அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இன்றுவரை படம் பார்க்கிறேன்.

பம்பாயைக் காட்டும் தமிழ்ப் படங்கள் அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டன. ‘பாட்ஷா’வில் ரஜினி ஆட்டோ ஓட்டுவது சென்னையில், அவர் துப்பாக்கி தூக்கிய காலத்தைக் காட்ட வேண்டும் என்றால் கதை பம்பாய்க்கு வந்துவிடும். ‘தலைவா’வும் அப்படித்தான். இங்கே வந்த தமிழர்களில் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தோல் பட்டறை, மில், துறைமுகம், ரயில்வே, இட்லிக் கூடை, இஸ்திரி வண்டி, ஆஸ்பத்திரி வார்டு, தட்டச்சு மேசை. இவற்றில்தான் எங்கள் முந்தைய தலைமுறையின் ஆயுள் கழிந்தது. 1995இல் ‘பம்பாய்’ வந்தபோது, அப்பா பார்க்க மறுத்துவிட்டார். கலவர நாட்களில் பார்த்ததே போதும் என்றார்.

பா. இரஞ்சித்தின் ‘காலா’ வந்தது 2018 ஜூன் 7. மழை தொடங்கியிருந்த நேரம். அப்பா அப்போது இல்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் இருக்கும் என் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவும் தாதா கதைதான். ஆனால் அதில் நிலம் என்ற சொல் வந்தது. குடிசையை இடித்துக் கட்டடம் கட்டித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம், எங்களுக்கு எத்தனை அடி, எத்தனையாவது மாடி, கடை வைத்திருப்பவன் எங்கே போவான் என்று கேட்கிற கேள்வி இருந்தது. அத்தை வீட்டில் தினமும் நடக்கிற பேச்சு அது. படத்தின் சந்துகள் மட்டும் நிஜத்தைவிட அகலம். கேமரா நுழைய வேண்டுமே. அத்தை வீட்டுச் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அத்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. ஈஸ்வரி ராவ் நடித்த செல்வியை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. புருஷனைத் திருநெல்வேலிப் பேச்சில் திட்டிக்கொண்டே சோறு போடுகிற அந்தப் பொம்பளை, நானா படேகரும் ரஜினியும் மோதுகிற காட்சிகளைவிட எனக்கும் பெரிதாகத் தெரிந்தாள். அந்தப் படத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரே ஆள் அவள்தான்.

‘வெந்து தணிந்தது காடு’ 2022 செப்டம்பரில் வந்தது. ஜெயமோகன் கதை, கௌதம் மேனன் இயக்கம், சிம்பு. எங்கள் தெருமுனையில் ஒரு பரோட்டாக் கடை உண்டு. மாவு பிசைகிற பையன்கள் எல்லோரும் தெக்கத்திப் பிள்ளைகள், பதினெட்டு இருபது வயது. படத்தில் சிம்புவும் பிழைக்க மும்பைக்கு வந்து பரோட்டாக் கடையில்தான் சேருகிறார். வேலையாட்கள் எல்லோரும் ஒரே அறையில் அடைந்து படுக்கிற அந்தப் பகுதியைப் பார்த்தபோது என் கை என்னையறியாமல் மகளின் கையைப் பிடித்தது. பரோட்டாக் கடைக்கு மேலே பலகையடித்த பரணில் அப்படித்தான் படுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டே இத்தனை வருடமாய் அண்ணாந்து பார்த்ததில்லை. அப்புறம் துப்பாக்கி வந்தது, கதை வேறு பக்கம் போய்விட்டது. கடைப் பையன் ஒருவனிடம் படம் எப்படி என்று கேட்டேன். “இடைவேளை வரைக்கும் நாங்கக்கா. அப்புறம் வேற ஆளு” என்றான். அதைவிடச் சரியான விமர்சனம் அந்தப் படத்துக்கு யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

பெரிய படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ரஜினி ரசிகை. 2016இல் ‘கபாலி’க்கு விடியுமுன் முதல் காட்சி என்று என் சித்தி மகன் கடைசி லோக்கலில் கிளம்பிப் போய், அரோரா வாசல் நடைபாதையில் உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டு வந்தான். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவனுக்கு. ‘ஜெயிலர்’ எனக்கு முதல் அரைமணி நேரம் ரொம்பப் பிடித்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர் பேரனோடு தோட்டத்தில் நிற்பதும், அவனுடைய யூடியூப் வீடியோவுக்குக் கேமரா பிடிப்பதும் ஓய்வுபெற்ற பிறகான என் அப்பாவை நினைவுபடுத்தின. பிற்பாடு தலைகள் உருளத் தொடங்கியதும் அம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். ‘கூலி’ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ரஜினியின் முதல் படமான ‘அபூர்வ ராகங்கள்’ 1975 ஆகஸ்டில் வந்து சரியாக ஐம்பது வருடம் முடிகிற நேரத்தில் வந்த படம் அது. வயது வந்தோருக்கு மட்டும் என்று சான்றிதழ். சித்தி மகனின் பையனுக்குப் பதினாலு வயது. தாத்தா காலத்திலிருந்து ரஜினி படத்துக்குக் குடும்பத்தோடு போகிற வீட்டில் அவன் மட்டும் வாசலோடு திரும்பினான். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர்கான் என்று மொழிக்கொருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்தப் பிள்ளையை உள்ளே விடுகிற மாதிரி ஒரு படம் எடுத்திருக்கலாம். ஐம்பது வருடம் ஒரு நடிகரைக் கொண்டாடியது குடும்பங்கள்தானே.

‘லப்பர் பந்து’ மாதிரிப் படம் வரும்போது இந்தக் குறையெல்லாம் மறந்துபோகிறது. மாமனாரும் மருமகனும் ஆகப்போகிற இருவர் ஊர் மைதானத்தில் ரப்பர் பந்தால் முறைத்துக்கொள்கிற கதை. அதில் கெத்து தினேஷ் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும். விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம்கூட ஆகாத சமயம் அது. எங்கள் அரங்கில் அறுபது பேர் இருந்திருப்போம். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார், கைதட்டவில்லை, விசிலடிக்கவில்லை, பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

‘மெய்யழகன்’ வந்த ஞாயிறே பார்த்தேன். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப் போவதற்குள் பதினெட்டு நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். நீளம் என்று குறை சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது வருடத்துக்கு மேல் சொந்த ஊருக்குப் போகாதவன் ஒருவன் போகிறான். அங்கே ஒருவன் அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவன் பெயர் மட்டும் இவனுக்கு நினைவுக்கு வரவில்லை. கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிற ஒவ்வொரு பம்பாய்க் குடும்பத்துக்கும் வருடா வருடம் நடப்பது இது. “என்னையத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் அம்மாவிடம் யாரென்று கேட்போம். அந்தக் கூச்சத்தைச் சொல்ல மூன்று மணி நேரம் பிடிக்கும்தான். ராத்திரி முழுக்கப் பேசுகிறவர்களைச் சுருக்கமாகப் பேசச் சொல்ல முடியுமா?

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை நான் இரண்டு தடவை பார்த்தேன். இலங்கையிலிருந்து பிழைக்க வந்து சென்னையில் குடியேறுகிற குடும்பம், சசிகுமார், சிம்ரன், இரண்டு பையன்கள். இலங்கைத் தமிழில் வெளியே பேசிவிடாதீர்கள் என்று யோகிபாபு அவர்களை எச்சரிக்கிறார். பேச்சைக் கேட்டால் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிடுமே. பக்கத்தில் மகள் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. ஏனென்று யோசித்தபோதுதான் கீழே ஓடும் ஆங்கிலத்தைப் பார்த்தேன். சசிகுமார் பேசுவதும் தெருக்காரர் பேசுவதும் அதில் ஒரே ஆங்கிலம். படம் முழுக்க எந்த வித்தியாசத்தின் மேல் நிற்கிறதோ அது எழுத்தில் இல்லவே இல்லை. நான் அவள் காதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஒங்க தாத்தா என்னையும் இப்பிடித்தான் சொன்னாவ.”

அம்மா கல்யாணமாகி இங்கே வந்தது 1967. அதற்கு முந்தைய வருடம்தான் சிவசேனை தொடங்கியிருந்தது. வேலையெல்லாம் தெற்கத்தியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வந்த முதல் வாரம் அப்பா அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறார்: பெண்கள் பெட்டி எங்கே நிற்கும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும். கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிட்டால் தமிழில் கூப்பிடாதே, நின்ற இடத்திலேயே நில், நான் வந்து சேருவேன். இதுதான் அவர் சொன்ன கடைசிப் பாடமாம். மாட்டுங்காவில் இறங்கியதும் அப்பாவின் குரல் ஏன் உயர்ந்தது என்பதை அன்றைக்கு, எல்லோரும் கிளம்பிப் போய்க் காலியான அந்த அரங்கில் உட்கார்ந்துகொண்டு நான் தெரிந்துகொண்டேன்.

‘வாழை’யைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வந்தது 2024 ஆகஸ்ட் 23. மாரி செல்வராஜ் தன் சிறுவயதை எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பையன் லீவு நாளில் அம்மாவோடும் அக்காவோடும் வாழைத்தார் சுமக்கப் போகிறான். சேற்றில் நடந்து லாரி வரைக்கும் கொண்டுபோய்ப் போட வேண்டும். நடுவில் அவனும் அவன் சிநேகிதனும் ரஜினியா கமலா என்று சண்டை போடுவார்கள், டீச்சரின் கைக்குட்டைக்காக ஏங்குவார்கள். அதெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் போகும். கடைசியில் தார் ஏற்றிய லாரியிலேயே ஆட்களும் ஏறி வரும்போது அது கவிழ்கிறது. 1999இல் ஸ்ரீவைகுண்டம் பக்கம் அப்படிப் பலர் செத்தார்கள்.

அம்மாவின் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரை. முலுண்டில் ஞாயிறு காலைக் காட்சி. படம் முடிந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். என் அம்மா அழவில்லை. ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்து, டெக்ஸ்டைல் கடைகளெல்லாம் தாண்டின பிறகு சொன்னாள்:

“அந்தப் பயலுக்குச் சும்மாடு சரியா வைக்கல. அப்பிடி வச்சா தார் பொறத்தால சாயும். களுத்துதான் தாங்கணும்.”

“உனக்கெப்பிடிம்மா தெரியும்?”

“நான் சொமக்காமலா?”

எனக்கு ஐம்பத்திரண்டு வயது அப்போது. அம்மா வாழைத்தார் சுமந்தவள் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாமலே போனது. பெண் பார்க்க வந்தபோது, பிள்ளை கூலிக்குப் போனதில்லை, வீட்டோடு இருக்கிறாள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அம்மா ஐம்பத்தேழு வருடம் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வயசில் தொடங்கியதாம். வயலிலிருந்து ரோடு வரைக்கும் வரப்பில்தான் வர வேண்டும். மழை பெய்திருந்தால் கட்டை விரலை ஊன்றி ஊன்றி நடக்க வேண்டும். தாரின் பால் சட்டையில் பட்டால் கறை எந்த நாளும் போகாது; அதற்கென்று ஒரே ஒரு சட்டை, அதையே உடுத்திக்கொண்டு போவாளாம்.

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்து முறுக்கி வளையமாகச் சுற்றி, முனையை உள்ளே சொருகினாள். என் மகள் தலையில் வைத்து, அதன் மேல் பத்துக் கிலோ அரிசி டின்னை ஏற்றினாள். “குனியாத. தரையப் பாக்காத. நேரா முன்னால பாரு. காலு தானா வழியக் கண்டுபிடிச்சுக்கிடும்” என்றாள். மகள் ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும் போய்த் திரும்பினாள். அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் கழுத்தை நான் பார்த்தேன். கழுத்து வலி என்று எத்தனை வருடம் எத்தனை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறோம். முன்பு பாரம் தூக்குகிற வேலை ஏதாவது செய்தீர்களா என்று கேட்பார்கள். அம்மா இல்லை என்று தலையசைப்பாள். நான் அதை இந்தியில் அவர்களுக்குச் சொல்வேன்.

அப்பா சொன்னாரே, நம்ம கதையை எவனும் எடுக்கவில்லை என்று. பம்பாயை வைத்து எடுத்த படங்களில் நாங்கள் அதைத் தேடிக்கொண்டிருந்தோம். அது இங்கே இல்லை. கிளம்பி வந்த ஊரில் கிடந்தது. நாங்கள் ஏன் இங்கே இருக்கிறோம் என்பதை ‘நாயகன்’ எனக்குச் சொல்லவில்லை, ‘வாழை’ சொன்னது. பம்பாய் என்ற பேச்சே அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.

2025 தீபாவளிக்கு ‘பைசன்’. அதுவும் மாரி செல்வராஜ்தான். மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது வாங்கியவர். கிட்டானாக வரும் துருவ் விக்ரம் நன்றாகச் செய்திருந்தார். ஆனால் எனக்குப் படம் பசுபதியுடையது. மகன் விளையாடப் போனால் வெட்டுப்பட்டுத் திரும்புவானோ என்று பயந்து சாகிற அப்பா. இரண்டு பக்கத்துப் பெரிய தலைகள் மோதிக்கொள்கிற காலத்தில், ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்த பையன் கால் வைக்கிற இடமெல்லாம் யாருடைய எல்லை என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. சண்டைக் காட்சிகள் கொஞ்சம் அதிகம்தான். கடைசிப் பகுதியில் இன்னும் இறுக்கியிருக்கலாம். ஆனாலும் அந்த அப்பாவின் முகம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சித்தி மகனைப் பற்றிச் சொன்னேன், கபாலிக்கு நடைபாதையில் காத்திருந்தவன். ‘பைசன்’ அவனோடுதான் பார்த்தேன். 1995 ஆகஸ்ட் 31 ஊர்ப்பக்கம் கொடியன்குளம் கிராமத்தில் போலீஸ் புகுந்ததற்கப்புறம், அந்தப் பக்கமெல்லாம் வயசுப் பையன்களை வீட்டில் வைத்திருக்கவே பயந்தார்கள். திருப்பூர், சூரத், பம்பாய் என்று சொந்தக்காரர் இருக்கிற ஊருக்கெல்லாம் ரயிலேற்றினார்கள். அவனுக்குப் பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு பாதி. சித்தி தனியாகவே திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். கல்யாணில் இறங்கி லோக்கல் பிடித்து ஒரு துணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். ஏழு வருடம் எங்கள் ரூமில் பரண்மேல் படுத்தான்.

அவனும் கபடி ஆடுகிறவன். பள்ளிக்கூட அணியில் இருந்தவன். இங்கே மொழி தெரியாமல் ஊமை மாதிரித் திரிந்தவனை, தெருவில் இருந்த மராட்டிப் பையன்களின் மண்டல் ஒன்று சேர்த்துக்கொண்டது. அவன் மராட்டி கற்றதே ஆடுகளத்தில்தான்: விடு, பிடி, காலைப் பார், கோடு. இன்றைக்கும் அவன் மராட்டி பேசினால் மைதானத்தில் கத்துகிற மாதிரியே இருக்கும். முழங்கால் போன பிறகு விட்டுவிட்டான். இப்போது கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர்.

படம் ஓடிய நேரம் முழுக்க அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. நானும் திரும்பவில்லை. இடைவேளையில் வெளியே போகவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. கிட்டான் மைதானத்தில் பாடிப் போகிற ஒரு காட்சியில் அவனுடைய இடது கால் முன் இருக்கையின் கீழ் மெதுவாக நகர்ந்து நகர்ந்து கோட்டைத் தேடியதை மட்டும் பார்த்தேன்.

ராத்திரிக் காட்சி. முடிந்து வெளியே வரும்போது ஒன்றரை மணி. எல்.பி.எஸ். ரோட்டில் மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தை ஒட்டியே நடந்தோம். தீபாவளிக்கு முந்தைய நாட்கள், பால்கனிகளில் எல்லாம் ஆகாச கந்தீல் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கா வந்ததும் அவன் நின்று போனை எடுத்தான்.

“இந்நேரத்துல யாருக்குடா?”

“அம்மாவுக்கு.”

“தூங்குவாங்களே.”

“இல்லக்கா, முழிச்சிதான் இருப்பா.”

ஒரே மணியில் சித்தி எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், எனக்கும் கேட்டது. படம் பார்த்தேன் என்று இவன் சொன்னான். நானும் நேத்து தூத்துக்குடியில் போய்ப் பார்த்துட்டு வந்தேன் என்றாள் சித்தி. அதற்கப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை. ஒரு ரிக்ஷா வந்து, எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, நாங்கள் கை காட்டாததால் போய்விட்டது. போன் அப்படியே அவன் உள்ளங்கையில் எரிந்துகொண்டிருந்தது.

“சாப்ட்டியாய்யா?” என்றாள் சித்தி.

“சாப்ட்டேம்மா” என்றான். நாங்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.